சந்தைக்குப் போகச் சைக்கிள் போதும்
(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி உயர்வுக்காகக் கூடுகிறோம். போனசுக்காகக் கூடுகிறோம். பட்டாவுக்காகவும் ரேஷனுக்காகவும் கூடுகிறோம். இன்றைக்குச் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னவுடன் முன் வரிசையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால், போராடி வாங்கிய கூலி வீட்டுக்கு வந்த பிறகு எந்தெந்தச் சந்து வழியாக வெளியே போகிறது என்று பார்க்க வேண்டாமா? பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதுமா? அடியில் இருக்கிற ஓட்டையையும் பார்க்க வேண்டாமா?

அந்த ஓட்டையை அடைக்கிற கருவி உங்களில் பல பேர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மாட்டுக் கொட்டகை மூலையில், டயரில் காற்றில்லாமல், செயினில் துரு ஏறி, ஈரத்துணி போடுகிற கொடியாக நின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சைக்கிள் எப்படி வந்தது? 2001-02ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அந்தத் திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பெண் பிள்ளை அதில் ஏறி இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாள். படிப்பு முடிந்தது. அவள் மில்லுக்குப் போனாள், அல்லது கல்யாணமாகிப் போனாள். சைக்கிள் மூலைக்குப் போயிற்று. அம்மா இன்னும் தலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். அப்பா கடனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கி, கொத்தமல்லிக் கட்டுக்கும் அதிலே போகிறார். இதுதான் நிலைமை.

கணக்குப் பார்ப்போம்

தொழிலாளிக்குக் கணக்குத் தெரிய வேண்டும். ஆகவே முதலில் கணக்கு.

ஒரு வீட்டில் அன்றாடம் என்னென்ன காரியம் இருக்கிறது? ரேஷன் கடை, மாவு மிஷின், காய்கறி, பால், பலசரக்கு, மருந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது. ஒவ்வொன்றும் ஒரு மைல், இரண்டு மைல்தான். எல்லாம் சேர்த்துப் போக வர நாளைக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 180 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 4 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 400 ரூபாய். வருஷத்துக்கு 4,800 ரூபாய். ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்றால், ஒரு வருஷத்தில் 12 நாள் வெயிலில் குனிந்து நாற்று நட்ட உழைப்பு, கடைக்குப் போய் வந்த புகையாகப் போகிறது! சாதாரணச் சைக்கிள் ஒன்றின் விலைக்குச் சமீபத்தில் வந்துவிட்டது இந்தத் தொகை. ஆயில், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், மாதத் தவணை, தவணைக்கு வட்டி, இவற்றை நான் சேர்க்கவே இல்லை.

அதனால் மோட்டார் சைக்கிளை விற்றுவிடு என்று சொல்கிறேனா? இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில்லுக்கு இராத்திரி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அது வேண்டும். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். தூரத்துக்கு இன்ஜின் ஓடட்டும். பக்கத்துக்குக் கால் ஓடட்டும். இவ்வளவுதான் என் வாதம்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மனிதன் சாதாரணமாக மணிக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர் நடப்பான். அதிக மூச்சு வாங்காமல் சைக்கிளை மிதித்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம். மூன்று கிலோமீட்டரில் இருக்கும் சந்தைக்கு நடந்தால் முக்கால் மணி நேரம், சைக்கிளில் கால் மணி நேரம். போக வர ஒரு மணி நேரம் மிச்சம். வயலிலிருந்து வந்து அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன விலை பெறும் என்று அவளைக் கேளுங்கள்.

அடுப்படியிலும் வித்தியாசம்

சைக்கிளால் சமையலில் என்ன மாறும் என்று கேட்கலாம். மாறும்.

வண்டி வசதி இல்லாத வீடு எங்கே சாமான் வாங்குகிறது? தெருமுனைக் கடையில். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவரும் சிறு பேர்தான். வேலையில்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவர் அவர். ஆனால் அவரே மொத்த வியாபாரியிடம் வாங்கி, வண்டிச் சத்தம் கொடுத்து, அழுகியதைக் கழித்து விற்கிறார். ஆகவே அவர் கடைக் காய் விலை கூடித்தான் இருக்கும். அங்கே வாடிய கத்தரிக்காய்தான் இருக்கிறதென்றால், வாடிய கத்தரிக்காய்தான் குழம்புக்கு. வேறு வழியில்லை. ‘வேறு வழியில்லை’ என்ற சொல்தான் ஏழை வீட்டுக் கணக்கில் மிகவும் விலை உயர்ந்த சொல்.

சைக்கிள் வந்தால் வேறு வழி வருகிறது. 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று உழவர் சந்தை நடக்கிறது. விளைவித்தவரே நேரில் வந்து விற்கிறார். தரகர் இல்லை. தினமும் விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். எடைக்குத் தராசு கொடுக்கிறார்கள். ஆனால் அது காலைச் சந்தை. பொழுது விடிந்து சிறிது நேரத்தில் நல்ல சரக்கு போய்விடும். இராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் வெளியே வருகிற மில் தொழிலாளி, பஸ்ஸுக்கு நின்று கொண்டிருந்தால் சந்தையைப் பிடிக்க முடியுமா? சைக்கிள் இருந்தால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பிடிக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் கீரையும் மீனும் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே ஆக்க வேண்டியவை. அதற்குத் தினமும் போய் வரத் தோதான வண்டி வேண்டும். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் போன்றவற்றை வாரச் சந்தையில் ஒரே தடவையாக எடுத்தால் விலை குறையும். அதற்குச் சுமை தாங்குகிற வண்டி வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிறது இந்த இரண்டு சக்கரம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் ஆட்கள் வாங்குகிறவர்கள் மட்டும் அல்லர், விற்கிறவர்களும்கூட. கொல்லையில் முருங்கை காய்க்கிறது. வரப்பில் அகத்தி தழைக்கிறது. அதைக் கட்டுக் கட்டி டவுனுக்குக் கொண்டுபோக நாதியில்லாமல், வாசலுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். கேரியரில் ஒரு கூடை கட்டத் தெரிந்தவளுக்கு அந்த நிலைமை இல்லை. மீன்காரர், பால்காரர், ஐஸ்காரர், உப்பு விற்பவர், சாணை பிடிப்பவர், இவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகச் சைக்கிளை வைத்தே குடும்பம் நடத்தினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

பெண்களால் இது நடக்குமா என்று பின்னால் யாரோ முணுமுணுக்கிறார். நடந்திருக்கிறது, ஐயா! புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்திருக்கிறது.

1991ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கற்பிக்கிறவர்களிலும் கற்கிறவர்களிலும் பெண்கள் அதிகம். ஊருக்கு ஊர் போய் வர வேண்டும். பஸ் இல்லை, இருந்தாலும் நேரத்துக்கு இல்லை. என்ன செய்வது? எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

விவசாயத் தொழிலாளிப் பெண்களும், கல் குவாரியில் கல் உடைக்கிற பெண்களும், கிராம நர்சுகளும், பால்வாடி ஊழியர்களும், பள்ளி ஆசிரியைகளும் கற்றார்கள். விழுந்தார்கள், முழங்காலில் சிராய்த்துக்கொண்டார்கள், மறுபடி ஏறினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் போய் பார்த்து எழுதினார். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகியதாக அவர் எழுதியிருக்கிறார். அது ஒரு கட்டுரையாக 1996ல் வந்த அவருடைய புத்தகத்திலும் இருக்கிறது.

அதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதுவே தேவலை என்றார்களாம். ஏன்? முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் சுமையைக் கட்டலாம்! பிள்ளையும் சுமையும் இல்லாமல் தனியாக வெளியே போகிற வாழ்வு நம் பெண்களுக்கு ஏது? அந்த வாழ்வுக்கே ஏற்றபடி அவர்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் குறைந்தது. விளைந்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க முடிந்தது. அப்பனையோ, அண்ணனையோ, புருஷனையோ ‘என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடு’ என்று கெஞ்சுகிற அவசியம் குறைந்தது. இதைக் கூலியால் அளக்க முடியாது.

சொல்லப்படுகிற சாக்குகள்

‘பெண்களுக்குத்தான் இலவச பஸ் வந்துவிட்டதே’ என்று ஒருவர் கேட்கிறார். வந்தது, 2021 மே மாதத்திலிருந்து. நல்லது. நகரப் பஸ்ஸில் போக வேண்டிய தூரத்துக்குப் பஸ்ஸிலேயே போங்கள். ஆனால் பஸ் மாவு மிஷின் வாசலுக்கு வருமா? அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து என்றால் வாங்கிய மீன் காத்திருக்குமா? பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடச் சைக்கிள் உதவும்.

‘சைக்கிளில் போனால் மதிப்பில்லை’ என்கிறார் இன்னொருவர். இதுதான் பெரிய சாக்கு. மதிப்பு என்பது யார் அளந்து கொடுக்கிற படி? ஒரு காலத்தில் நம் ஊரில் சைக்கிள் வைத்திருந்தவரே பெரிய மனிதர். கல்யாணச் சீரில் சைக்கிள் கேட்டார்கள். நகராட்சி வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்தார், இரண்டு பேராகப் போனாலும் பிடித்தார். அன்றைக்கு ராஜவாகனமாக இருந்தது, உழைப்பாளி கைக்கு வந்த பிறகு மட்டும் எப்படி இழிவானது? தவணைக் கடனில் நிற்கிற வண்டியில் நிமிர்ந்து உட்காருவதைவிட, சொந்தச் சைக்கிளில் குனிந்து மிதிப்பது எந்த விதத்தில் கேவலம்?

‘பயமாக இருக்கிறது, லாரி வருகிறது’ என்பது மூன்றாவது. இது சாக்கு அல்ல, உண்மை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

சுமை கட்டும் முறை

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்காகச் சில விஷயங்கள்.

முதலில், மூலையில் கிடக்கும் சைக்கிளை எடுத்தவுடன் ஏறிவிடாதீர்கள். டயர் வெடித்திருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். செயினைத் துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். காற்று நிறைய இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் சுமை ஏற்றினால் மிதிக்கிறவன் கால் போகும், டியூபும் போகும்.

சீட்டு உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் ஏறக்குறைய நீள வேண்டும். சீட்டு பதிந்து இருந்தால் முழங்கால் வலிக்கும். ‘சைக்கிள் விட்டால் முட்டி வலிக்கிறது’ என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

சுமையைத் தாழ்வாகவும் இரண்டு பக்கமும் சமமாகவும் கட்டுங்கள். கேரியரின் இரு பக்கமும் தொங்குகிற சாக்குப் பை தைத்துப் போட்டால் போதும். அரிசி, பருப்பு அடியில். உருளை, வெங்காயம் அதற்கு மேல். தக்காளியும் கீரையும் உச்சியில். ரேஷன் அரிசி 20 கிலோ என்றால், சிப்பத்தைக் கேரியரில் நீளவாக்கில் படுக்க வைத்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். டியூப் நழுவாது, கயிறு நழுவும். ஹாண்டில் பாரில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள். அது ஆடி ஆடி ஹாண்டிலைத் திருப்பும், கம்பிகளுக்குள் புகுந்தால் ஆளைத் தூக்கி எறியும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு வலைக் காப்பும், செயினுக்கு மூடியும் அவசியம். வேட்டிக்காரர்களுக்கும் இதே சட்டம்தான்.

பின்னால் சுமை இருக்கும்போது நிற்க நேரம் பிடிக்கும். மழையில் ரிம் நனைந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே பிரேக்கைப் பிடியுங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. விளக்கு உங்களுக்கு வழி தெரிவதற்கு மட்டும் இல்லை, லாரிக்காரருக்கு நீங்கள் தெரிவதற்கும்தான்.

ரோடு யாருக்கு?

இப்போது லாரிக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு குடும்பங்களில் சுமார் 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. 21 குடும்பங்களில் ஸ்கூட்டரோ, மோட்டார் சைக்கிளோ இருந்தது. கார் இருந்தது 5 குடும்பங்களில்கூட இல்லை. அப்படியானால் ரோடு போடுகிறவர்கள் யாரை மனதில் வைத்துப் போட்டிருக்க வேண்டும்? ஆனால் என்ன நடக்கிறது? தாரின் மேல் தார் போட்டு ரோட்டை உயர்த்துகிறார்கள். ஓரத்து மண்ணை அப்படியே விடுகிறார்கள். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழப் பள்ளம். பின்னால் லாரி ஹாரன் அடித்தால், சுமையோடு வருகிற சைக்கிள்காரன் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்கினால் விழுவான், இறங்காவிட்டால் அடிபடுவான். இது விதியா? ரோட்டோரத்தைச் சமன் செய்யாதவர்கள் செய்த வினை.

வரியைப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிளுக்கு 12 சதவீதம் போட்டார்கள். புகை விடாத, இறக்குமதி எண்ணெய் குடிக்காத, ஏழை ஓட்டுகிற வண்டிக்கு 12 சதவீதம்! எட்டு வருஷம் வசூலித்த பிறகு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்ததை வரவேற்போம். ஐந்தும் எதற்கு என்று கேட்போம்.

சைக்கிளைச் செய்கிறவனும் தொழிலாளிதான். 1951ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் கம்பெனி, நாடு முழுவதும் பேர் பெற்றது. 2018ல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 3ஆம் தேதியை உலகச் சைக்கிள் தினமாக அறிவித்தது. 2020ல் அதே ஜூன் 3ஆம் தேதி, அட்லசின் சாகிபாபாத் ஆலைத் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தபோது, லே-ஆப் நோட்டீஸ் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்கு விழா எடுக்கிற நாளில் சைக்கிள் செய்தவர்கள் தெருவில் நின்றார்கள்! விழா எடுப்பதால் சைக்கிள் வாழாது, தோழர்களே. ஓட்ட வழி இருந்தால்தான் வாழும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ரோட்டோர மண்ணைத் தார் மட்டத்துக்கு நிரவ வேண்டும். ஊருக்குள்ளும், பள்ளி முன்பும், மில் கேட்டிலும் வேகத்தடை வேண்டும். உழவர் சந்தை, வாரச் சந்தை, ரேஷன் கடை வாசல்களில் நிழலோடு சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். ஷிப்டு விடுகிற வழிகளில் தெருவிளக்கு எரிய வேண்டும். இவற்றை எங்கே கேட்பது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறதல்லவா? அங்கே எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டை விட்டு வாய்க்கால் கரை வழியும், ஊர் வழியும் போகக்கூடிய தூரங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில், ஓட்டத் தெரிந்த ஒருவர் தெரியாத இருவருக்குப் பிடித்துக் கற்றுக்கொடுக்கட்டும். பெண்ணுக்குப் பெண்ணே கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது. பஞ்சர் ஒட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவர் கைத்தொழில் அவரோடு போய்விடாமல் இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

கொட்டகை மூலையில் நிற்கும் சைக்கிள் மேல் கிடக்கிற ஈரத்துணியை நாளைக்கே எடுத்துக் கொடியில் போடுங்கள். டயருக்குக் காற்று அடியுங்கள். அடுத்த சந்தைக்கு அதில் போய் வாருங்கள். மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கை எழுதிப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.